சேனையும் ஹயேனாவும்: முதல் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தபோது

சமஸ்கிருதத்தையும் பழைய ஈரானிய மொழிகளையும் ஒப்பிட்டு எழுதி, ஆய்விதழுக்கு அனுப்ப நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் கட்டுரை நிராகரிக்கப்பட்டது. காரணத்தை விவரமாகச் சொன்னால், நான் இழந்த ஒரு வருடம் உங்களுக்காவது மிஞ்சும்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்: சமஸ்கிருத 'சேனா', நம் சேனை. சொல்லின் முதலில் உயிரெழுத்துக்கு முன் வரும் சகரம் ஈரானியத்தில் ஹகரமாகும். சப்த என்பது ஹப்த, சோம என்பது ஹவோம. அப்படியே சேனா, ஜொராஸ்திரியர்களின் மறைநூலான அவெஸ்தாவில் ஹயேனா. ஆனால் சமஸ்கிருதத்தில் நம் படையும் சேனைதான், எதிராளியின் படையும் சேனைதான். அவெஸ்தாவிலோ ஹயேனா என்றால் எதிரிப் படை. பெர்செபொலிஸில் உள்ள, பாரசீக மன்னன் தாரியஸின் பழம்பாரசீகக் கல்வெட்டிலும் இதே நிலைதான். பகைப்படை, பஞ்சம், பொய் ஆகிய மூன்றும் நாட்டை அண்டாமல் காக்கும்படி மன்னன் தன் கடவுளான அகுரமஸ்தாவை வேண்டுகிறான். படைக்கு அவெஸ்தாவில் ஸ்பாத என்று இன்னொரு சொல்லும் உண்டு. பாரசீக சிபாஹ், சிபாஹி எல்லாம் அதன் இனம். சிப்பாய் தமிழுக்கு வந்த வழி அது. சேனை ஒரு பாதையில், சிப்பாய் இன்னொரு பாதையில் என்று இரண்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதைக் கண்டபோது எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

இருபத்தைந்து பக்கம் எழுதி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து மதிப்பாய்வாளரின் குறிப்பு வந்தது. நல்லவற்றுக்கு ஒரு சொல், தீயவற்றுக்கு ஒரு சொல் என்று அவெஸ்தா பிரித்து வழங்குவதை ஹெர்மன் குன்டெர்ட் 1914-லேயே ஜெர்மன் மொழியில் தனி ஆய்வாக எழுதிவிட்டார். கை, கண், தலை என்று உடல் உறுப்புகளுக்குக்கூட இப்படி இரட்டைச் சொற்கள் உண்டு. நான் ஆங்கில நூல்களை மட்டுமே படித்திருந்தேன்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் ஜெர்மன் படித்தே ஆக வேண்டும். சரளமாகப் பேச வேண்டியதில்லை. அகராதி துணையோடு ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளும் அளவு போதும். பிரெஞ்சும் அடுத்து வேண்டும். 1904-இல் வந்த பார்த்தொலொமேயின் பழைய ஈரானிய அகராதி, மயர்ஹோஃபரின் சமஸ்கிருதச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டும் ஜெர்மனில்தான் இருக்கின்றன.

இரண்டாவது குறை எனக்கு அதிகம் வலித்தது. அவெஸ்தா மேற்கோள்களை அகராதியிலிருந்தே எடுத்துப் போட்டிருந்தேன். அகராதி காட்டும் இடத்தைக் கெல்ட்னரின் அவெஸ்தா மூலப் பதிப்பில் தேடி, அடிக்குறிப்பில் உள்ள பாட வேறுபாடுகளையும் பார்த்த பிறகே எழுத வேண்டும். அப்புறம், எழுத்துப்பெயர்ப்பு, அதாவது அவெஸ்தா எழுத்துகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. சொல்லின் நடுவே வரும் யகரத்தைப் பார்த்தொலொமே ஓரெழுத்தாக எழுதுவார். கார்ல் ஹோஃப்மன் முறையில், சுவடியில் உள்ளபடி, அது இரண்டு இகரமாக வரும். என் கட்டுரையில் இரண்டும் கலந்து கிடந்தன. படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், இவர் மூலத்தைத் தொடவில்லை என்று.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறியீடுகள் ஆசிரியரின் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். யூனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

எந்த இதழுக்கு அனுப்புவது? குய்ப்பரும் டி யோங்கும் 1957-இல் தொடங்கிய இந்தோ-ஈரானியன் ஜர்னல் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கும் இதழ்; இப்போது பிரில் வெளியிடுகிறது. ஈரானியப் பக்கம் மட்டும் என்றால் 1972 முதல் வரும் ஸ்டூடியா ஈரானிக்கா. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கடைசி ஐந்து வருட இதழ்களின் உள்ளடக்கத்தைப் படியுங்கள். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அதில் தெரியும்.

நான் மறுபடி எழுதியபோது வரலாறு, பண்பாடு எல்லாவற்றையும் வெட்டினேன். ஹயேனா வரும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் எந்தச் சொற்கள் வருகின்றன என்று பார்த்தேன். குன்டெர்ட் சொன்னதில் எதை ஏற்கிறேன், எந்த இடத்தில் தயங்குகிறேன் என்பதை முதல் பத்தியிலேயே சொன்னேன். ஏழு பக்கம்தான் வந்தது. வேறோர் இதழுக்குச் சிறுகுறிப்பாக அனுப்பினேன். இரண்டு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.