தராசுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்

2021-இல் எனக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். ஓலான்சபைன் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கேட்ட குரல்கள் சில வாரங்களில் அடங்கின. அதற்காக அந்த மாத்திரைக்கு இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் கூடவே ஒரு பசி வந்தது. இரவு 2 மணிக்கு சிங்கப்பூர் ஈசூன் வீட்டில், விளக்குகூடப் போடாமல், ஃப்ரிட்ஜ் கதவைத் தோளால் தாங்கியபடி, சில்லிட்ட சோற்றில் மீன் குழம்பை ஊற்றி நின்றுகொண்டே சாப்பிடுவேன். வயிறு வலித்தாலும் போதும் என்று தோன்றாது. அந்த மருந்து மூளையில் ஹிஸ்டமின் வேலை செய்யும் இடங்களை அடைப்பதால் பசி தூண்டப்படுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது என் நாக்கைத்தான் திட்டிக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்த பெரியம்மா, "இப்பத்தான்டி பூசினாப்புல இருக்கே" என்று கன்னத்தைத் தடவினார். பாசமாகத்தான் சொன்னார். அன்று ரவிக்கைக் கொக்கி மாட்டவில்லை. மறுநாளிலிருந்து பகலில் பட்டினி, இரவில் அள்ளி அள்ளிச் சாப்பாடு, அப்புறம் வாந்தி. எத்தனை கிலோ ஏறியது, இறங்கியது என்று எழுதமாட்டேன். எண்ணைப் பார்த்ததும் நம்மில் பலர் ஒப்பிட ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு மருந்தகத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சோற்றைக் குறைங்க, நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வாந்தியைப் பற்றிச் சொல்ல வாயே வரவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்தினேன், யாரிடமும் சொல்லாமல். இரண்டு மாதத்துக்குள் குரல் திரும்பியது. இந்த முறை அது சாப்பாட்டைப் பற்றியே பேசியது: அம்மா எதையோ கலக்கிறாள்.

மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாள் டாக்டர் கேட்டார்: "தட்டைத் தள்ளும்போது எதுக்குப் பயம்? விஷம்னா, உடம்பு ஏறிடும்னா?"

யாரும் அதுவரை கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன்: "அம்மா வச்சா விஷம். நானே போட்டுக்கிட்டா சதை."

எல்லாம் அங்கிருந்துதான் மாறியது. விஷ பயத்துக்கு மாத்திரை வேண்டும். சதை பயம் குரல்கள் அடங்கிய பிறகும் இருந்ததே, அதற்குத் தனியாகப் பேச்சு சிகிச்சை வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை விட்டால் இரண்டும் திரும்பும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பைக் கெடுக்கலாம் என்று ரத்தமும் ஈசிஜியும் பார்த்தார்கள். மாத்திரையை அரிப்பிப்பிரசோலுக்கு மாற்றினார்கள், திடீரென்று இல்லை, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல. எடை விஷயத்தில் எனக்கு ஒத்துக்கொண்டது. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, அதனால் தயவுசெய்து நீங்களாக மாற்றவேண்டாம். எடை ஏறுவதால் நிறுத்தத் தோன்றுகிறது என்பதை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் இழந்தது ஒரு வருடம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஸ்கிசோஃப்ரினியாவின் புறநோயாளிச் சிகிச்சைக்கு 2009 முதல் மெடிசேவை, அதாவது சிங்கப்பூரில் நம் பேரில் இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கை, பயன்படுத்தலாம்.

உணவு ஆலோசகர் காலைச் சாப்பாட்டைத்தான் முதலில் பிடித்தார். பகல் பட்டினிதான் இரவு ஃப்ரிட்ஜைத் திறக்கிறது என்றார். அம்மா ஒரே சட்டியிலிருந்து எனக்கும் தனக்கும் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாயைத் தான் சாப்பிடுவார். ஒன்றும் பேசமாட்டார். எடை பார்க்கும்போது நான் தராசுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். தாதி குறித்துக்கொள்வார், சொல்லமாட்டார்.

சில இரவுகளில் இன்னும் ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கிறேன். ஆனால் வாந்தி எடுத்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் தேக்காவில் புது ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். "சத்தமாச் சொல்லாம எழுதிக்கோங்கக்கா" என்றேன். தையல்கார அக்கா ஏன் என்று கேட்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "கை நீளம் முழங்கை வரைக்கும் போதுமா?" என்றார்.