பென்சிலில் இட்ட மதிப்பெண்: முதற்பருவ நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள்

முதுகலைத் தமிழின் முதல் வகுப்பு இன்று நடந்தது. சங்க இலக்கியம் நடத்தும் பேராசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்காமலேயே குறுந்தொகையின் 25ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதினார். கபிலர் பாடியது, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தன்னைக் கூடிய நாளில் தலைவனையும் ஒரு குருகையும் (நீர்ப்பறவை) தவிர யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கும் பாட்டு. எழுதி முடித்து, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டியபடி, "இந்தப் பாட்டில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன, எண்ணிச் சொல்லுங்கள்" என்றார். இளங்கலையில் மூன்றாண்டுகள் திணை விளக்கம், துறை விளக்கம், உவமை நயம் என்று தலைப்பிட்டு எழுதிப் பழகிய எங்களுக்கு இந்தக் கேள்வியை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்றே தெரியவில்லை. தலைவன், தலைவி, குருகு என்று மூன்று சொன்னோம். ஆரல் மீனை ஒருவர் சேர்த்துக்கொண்டார். "கேட்டுக்கொண்டிருப்பவளை விட்டுவிட்டீர்களே" என்றார் ஐயா. தோழி பாட்டுக்குள் எங்கும் இல்லை. வரைவு நீட்டித்தவிடத்துத் (தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட்டபோது) தலைமகள் தோழிக்குச் சொல்லியது என்ற துறைக் குறிப்பில்தான் இருக்கிறாள். அப்போது பின்வரிசை மாணவர் ஒருவர் தினையும் உயிர்தானே என்று கேட்டுவிட்டார். விளையாட்டுக்குக் கேட்டார் என்றே நினைக்கிறேன். ஐயா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "புல்லும் மரனும் ஓரறி வினவே" என்ற தொல்காப்பிய மரபியல் நூற்பாவைச் சொல்லி, ஆறு உயிர் என்று பலகையின் ஓரத்தில் எழுதினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஐந்து அடி முடிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

2024 ஜூலை 19, வெள்ளி

இரண்டாமாண்டு அக்காமார்கள் விடுதி உணவுக்கூடத்தில் எங்களை உட்கார வைத்து எச்சரித்தார்கள். ஐயா நோட்ஸ் தரமாட்டார். பத்து மதிப்பெண் வினாவுக்கு இரண்டு பக்கத்துக்குமேல் எழுதினால் மூன்றாம் பக்கத்தைக் கோடிட்டு அடித்துவிட்டுப் படிக்காமலேயே திருத்துவார். "நயம்பட", "மிக அழகாக", "சுவைபட" என்ற சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைப்பார். இன்டர்னலில் (அகமதிப்பீட்டில்) அவரிடம் 20 வாங்கியவர் அண்மைக்காலத்தில் யாரும் இல்லையாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் எந்தப் பாட்டை எந்தப் புலவர் பாடினார் என்று கேட்பார்கள். இவர் பாடம் அதற்கு உதவாது என்பது அவர்களின் இன்னொரு குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஒரே பாட்டில் ஒரு வாரம் தங்குகிறவரிடம் படித்துவிட்டு, குறுந்தொகையின் 401 பாட்டுக்கும் புலவர் பெயரை மனப்பாடம் செய்வது அவரவர் பாடுதான்.

ஒரு நல்ல செய்தியும் சொன்னார்கள். அவர் மதிப்பெண்ணைப் பென்சிலில்தான் இடுவார். தாளைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய், தன் விடை சரி என்று நிறுவுகிறவர்களுக்கு அங்கேயே அழித்துவிட்டுக் கூட்டி எழுதுவார். நிறுவத் தவறினால் குறைப்பதும் உண்டாம்.

2024 ஆகஸ்ட் 21, புதன்

முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு. மூன்று வினா, முப்பது மதிப்பெண். அவற்றில் ஒன்று அதே 25ஆம் பாட்டு: "தலைவியின் சாட்சி யார்? அச்சாட்சியின் தகுதியை ஆராய்க." நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. பக்கத்து மேசைக்காரி (இங்கே அவளைத் தோழி என்றே எழுதப்போகிறேன், பெயரைப் போட்டால் விடுதியில் எனக்குச் சோறு கிடைக்காது) ஒன்றரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டு மீதி நேரம் முழுக்க ஒரே சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2024 செப்டம்பர் 2, திங்கள்

தாள்கள் வந்தன. எனக்கு முப்பதுக்குப் 11. இளங்கலையில் பதக்கம் வாங்கியவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரவில் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "இக்காட்சியைக் குருகு மட்டுமே கண்டு நின்றது என்று தலைவி நயம்படக் கூறுகிறாள்" என்ற என் வரியில் "கண்டு நின்றது" என்பதன் கீழே மெல்லிய பென்சில் கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி: "குருகு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?" "நயம்பட" என்பதைச் சுற்றி ஒரு வட்டம், அதனருகே ½.

பாட்டை எடுத்துப் பார்த்தேன். குருகு பார்ப்பது ஆரலை. தலைவன் மணந்த நாளில் அங்கே இருந்த ஒரே உயிர், அவர்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. ஓடும் நீரில் மீனுக்காகக் காத்து நின்றது. பறவைக்குப் பேச வராது என்பதால் சாட்சி பயன்படாது என்று நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பேச வந்திருந்தாலும் சொல்வதற்கு அதனிடம் எதுவும் இல்லை என்பதுதான் தலைவியின் நிலை. "யான் எவன் செய்கோ" என்று அவள் கேட்பதன் முழுக் கனமும் நான்காம் அடியில் கிடக்கிறது. நான் அந்த அடியை "மீன் உண்ணும்" என்ற இரண்டு சொல்லில் தாண்டிப் போயிருக்கிறேன். உண்ணவும் இல்லை, பார்க்கத்தான் செய்கிறது. எட்டாண்டுகளாக இந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். எழுதாமல் விட்டதற்காக மதிப்பெண் போயிருந்தால் வாதாடலாம். படிக்காமல் விட்டதற்காகப் போயிருக்கிறது.

ஆனால் இன்னோர் இடத்தில் அவர் குறைத்தது தவறு. நாளை போவேன்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

போனேன். அறையில் மேசையே தெரியாத அளவுக்குத் தாள்கள். மேலே 1937இல் உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் மறு அச்சு ஒன்று, முதுகில் துணி ஒட்டப்பட்டு, கிடந்தது. "சண்டைக்கு வந்தீர்களா, சந்தேகத்துக்கு வந்தீர்களாம்மா?" என்றார். இரண்டுக்கும்தான் ஐயா என்றேன்.

குருகு நீர்நிலைப் பறவையாக இருக்க, பாட்டு மலைநிலத்துக்குரிய குறிஞ்சித் திணையில் வைக்கப்பட்டிருப்பதைத் திணைமயக்கம், அதாவது ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலந்து வருவது, என்று நான் எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் அவர் "சான்று?" என்று கேட்டு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார். "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்ற தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பாவை நான் விடையின் தொடக்கத்திலேயே தந்திருக்கிறேன் என்பதைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். புணர்ச்சி என்ற உரிப்பொருள், அதாவது திணைக்குரிய ஒழுக்கம், அப்படியே நிற்க, கருப்பொருளாகிய பறவைதான் இடம் மாறியிருக்கிறது. ஆகவே நூற்பா இங்கே பொருந்தும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கை நடுங்கியது. அவர் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு முறை படித்தார். பிறகு ரப்பரைத் தேடினார். தாள்களுக்கு அடியில் எங்கோ இருந்தது. 11 அழிந்து 13 ஆனது. "சான்றை மேற்கோளாக முதலில் வைத்துவிட்டு வாதத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தால் திருத்துகிறவன் கண்ணுக்குத் தெரியாது. அதையும் நினைவில் வையுங்கள்" என்றார். தவறு யாருடையது என்பதை இருவரும் பேசவில்லை.

விடுதிக்குத் திரும்பும்போது நடை வேகமாக இருந்தது.

2024 செப்டம்பர் 6, வெள்ளி

இன்று தோழியின் தாளைப் படித்தேன். படித்த பிறகு என் 13 அவ்வளவு இனிக்கவில்லை.

அவளுக்கு 9. சாட்சி பற்றிய வினாவில் அவள் "சிறுபசுங் கால" என்ற சொல்லில் நின்றிருக்கிறாள். "கால" என்பதைப் பலவின்பால் குறிப்பு வினைமுற்றாக, "கால்களை உடையன" என்று பன்மையில் கொண்டால் குருகுகள் பல. "கரிய குதிரை" என்பதில் வரும் "கரிய" போலக் குறிப்புப் பெயரெச்சமாகக் கொண்டால் ஒன்றாகவும் இருக்கலாம். குருகு என்ற சொல்லோ பால் பகா அஃறிணைப் பெயர். அது எண்ணைச் சொல்லாது. "உண்டு" என்பது பழைய வழக்கில் ஒன்றன்பாலுக்கு (அஃறிணை ஒருமைக்கு) உரியது; "வேறில்லை உண்டு ஐம்பால் மூவிடத்தன" என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியது பின்வந்த நன்னூல். ஆகவே "உண்டு" என்ற முடிவைக் கொண்டு பார்த்தால் குருகு ஒன்றே, சாட்சியும் ஒன்றே, அதுவும் பாராத சாட்சி. இவ்வளவையும் முக்கால் பக்கத்தில் சொல்லியிருந்தாள். ஓரத்தில் "வினாவுக்குப் புறம்பு" என்ற குறிப்பு, பத்துக்கு 3.

எனக்கு இலக்கணம் அவ்வளவாக வராது. ஆனாலும் இது என் விடையைவிட மேலான விடை என்பது தெரிகிறது. சாட்சி எத்தனை பேர் என்பது சாட்சியின் தகுதிக்கு எப்படிப் புறம்பாகும்? ஐயாவிடம் போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணைக் கேள்வி கேட்பது அவளுக்கு வாதமாகத் தெரியவில்லை, மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. "அவர் தெரியாமலா போட்டிருப்பார், விடுடி" என்கிறாள்.

பென்சிலில் இடுவதைப் பெருந்தன்மை என்றே நாங்கள் எல்லோரும் பேசிவந்தோம். வாயுள்ள பிள்ளைகளுக்குத்தான் அது பெருந்தன்மை. வகுப்பில் 32 பேர். தாளோடு அறைக்குப் போனவர்கள் ஐவர். ஐவரும் நகரத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள், என்னையும் சேர்த்து. மையால் எழுதியிருந்தால் எல்லோருக்கும் ஒரே கொடுமையாகவாவது இருந்திருக்கும்.

2024 செப்டம்பர் 13, வெள்ளி

இதை ஐயாவிடமே சொன்னேன். வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது, யார் என்று சொல்லாமல், வராதவர்களின் தாளை யார் மறுபடி பார்ப்பது என்று கேட்டேன். அவர் இரண்டு படி இறங்கி நின்றார். "வர வேண்டியதுதானேம்மா" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. சாட்சியைத் தேடுவது தலைவியின் பாடு என்கிற தலைவனைப் போலப் பேசுகிறாரே என்று நினைத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

2024 செப்டம்பர் 23, திங்கள்

காலை வகுப்பில் ஒரு மாற்றம். தம்மோடு உடன்படாதவர்கள் அறைக்கு வரத் தேவையில்லை என்றும், அரைத் தாளில் காரணத்தை எழுதித் தாளோடு இணைத்து மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் அறிவித்தார். ஏழு பேர் வைத்தார்கள். தோழி வைக்கவில்லை. பேசத்தான் தயக்கம் என்று நான் கட்டியிருந்த கோட்டை அங்கேயே ஆட்டம் கண்டது.

மாலையில் அவளே அறைக்குப் போய்விட்டாள்! என்னிடம்கூடச் சொல்லவில்லை. மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லையாம். "கால" முற்றா எச்சமா, உரையில் எப்படிக் கொள்ளப்பட்டிருக்கிறது என்று சந்தேகம் கேட்கத்தான் போனாளாம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. இந்த நூலுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் 380 பாட்டுக்கும் நச்சினார்க்கினியர் எஞ்சிய 20 பாட்டுக்கும் எழுதியதாகச் சொல்லப்படும் உரைகள் கிடைக்காமல் போனதையும், அவை இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியாவது கிடைத்திருக்கலாம் என்பதையும் சொல்லி வருத்தப்பட்டாராம். பேச்சின் இடையில்தான் அவள் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். "புறம்பு என்று எழுதியது நான்தானா?" என்று கேட்டாராம். அந்த விடைக்கு 3 என்பது 7 ஆகவேண்டும் என்று ரப்பரை எடுத்தவர், கைப்பேசியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். முதல் தேர்வு மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிப் பூட்டியாகிவிட்டது. திறக்க வேண்டுமானால் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுத வேண்டும். எழுதுகிறேன் என்றிருக்கிறார். வேண்டாம் ஐயா என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

2024 அக்டோபர் 24, வியாழன்

இரண்டாம் தேர்வுத் தாள்: எனக்கு 19, அவளுக்கு 23. என் தாளில் வட்டம் போட ஒரு சொல்கூட இல்லை. விடை வறண்டு போயிருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறார். இந்த மனிதரைத் திருப்திப்படுத்த முடியாது.

2025 ஜனவரி 10, வெள்ளி

பருவத்தேர்வு முடிவு வந்துவிட்டது. இரண்டு தேர்வின் சராசரியைப் 15க்குச் சுருக்கியதில் இருவருக்கும் 8. ஒப்படைப்பில் அவளுக்கு 5, எனக்கு 4. கருத்தரங்கில் எனக்கு 4, அவளுக்கு 3. ஆகவே இன்டர்னல் இருவருக்கும் 16. கடிதம் எழுதியிருந்தால் அவளுக்கு 17 வந்திருக்கும். ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காக நான் இத்தனை பக்கம் நிரப்பியிருக்கிறேன். எங்கள் பெயரை மறைக்கப் போலி எண் இட்டு, பெயர் தெரியாத யாரோ திருத்திய 75இல் எனக்கு 49, அவளுக்கு 58. அந்தத் தாளில் குறிப்பு எழுதுவார் யாருமில்லை. எங்கே இழந்தோம் என்று பார்க்க, பணம் கட்டி நகல் வாங்க வேண்டும்.

முடிவு வந்ததைச் சொல்ல அறைக்குப் போனோம். ஐயா இல்லை. மேசைமேல் அந்தப் பழைய குறுந்தொகை விரித்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பிறர் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குள் தோழி எடுத்துவிட்டாள். 25ஆம் பாட்டின் ஓரத்தில், பொடி எழுத்தில், "கால: முற்றா? எச்சமா?" என்று எழுதி, கீழே 23.9.24 என்று தேதியும் அவள் பெயரின் முதலெழுத்தும் இட்டிருந்தார். பென்சிலில்தான்.

அவள் புத்தகத்தை இருந்தபடியே கவிழ்த்து வைத்தாள். சாப்பாட்டு மணி அடித்திருந்தது; போனோம்.