வாண்டர்பில்ட்: 42 நிமிடம் 8 விநாடி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வசிக்கிறவர்கள் பெரும்பாலும் டென்னசி பல்கலைக்கழக அணியின் ஆரஞ்சுச் சட்டையைத்தான் வாங்குவார்கள். நான் ஊருக்குள்ளேயே இருக்கும் வாண்டர்பில்ட்டைப் பிடித்துக்கொண்டேன். எஸ்இசி என்ற தென்கிழக்கு விளையாட்டுக் கூட்டமைப்பின் 16 பல்கலைக்கழகங்களில் தனியார் பல்கலைக்கழகம் இது ஒன்றுதான். படிப்பில் கெடுபிடி அதிகம், அமெரிக்கக் கால்பந்தில் தோல்வி அதிகம். 2023இல் 12 ஆட்டங்களில் 10 தோல்வி. எங்கள் மைதானத்திலேயே எதிரணியின் நிறம் மேலோங்கியிருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

2024ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. ஊரே பலம் வாய்ந்த அலபாமா பல்கலைக்கழக அணியை வென்ற கதையை மட்டும் பேசுகிறது. அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பயிற்சியாளர் கிளார்க் லீ இந்த ஊரில் பிறந்தவர், இதே அணிக்கு ஆடியவர். 2023 முடிந்ததும் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த ஜெரி கில்லை ஆலோசகராக அழைத்துவந்தார். அங்கிருந்து டிம் பெக் வந்து தாக்குதல் ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர்களோடு வந்தவர்தான் டியேகோ பாவியா. பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரிகள் எதுவும் சீண்டாததால் ஜூனியர் காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி மேலே வந்த பையன்.

முதல் ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார்கள். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்டு 36-32 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் மிசூரியில் இரண்டு கூடுதல் நேரம் வரை போய் 30-27 என்று தோல்வி. பக்கத்து இருக்கைப் பெரியவர் 'எல்லா வருடமும் இப்படித்தான்' என்று பெருமூச்சுவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிசூரி மைதானத்தில் இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்த அணி பழைய அணி அல்ல.

அக்டோபர் 5, சனிக்கிழமை. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா வந்தது. முதல் ஐந்து இடங்களில் இருக்கும் அணிகளோடு அதுவரை ஆடிய 60 ஆட்டங்களிலும் வாண்டர்பில்ட் தோற்றிருந்தது. அலபாமாவை வென்றதோ 1984இல்.

தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. மூன்றாவது வாய்ப்பில் சறுக்கினால் பெரும்பாலும் பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அன்று 18 மூன்றாவது வாய்ப்புகளில் 12இல் வாண்டர்பில்ட் தேறியது. 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் 8 விநாடி பந்து எங்களிடம் இருந்தது. அலபாமாவின் மின்னல் வேக இளைஞர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பந்து கிடைத்தால்தானே ஓடுவதற்கு! இது அதிர்ஷ்டம் அல்ல, திட்டம்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாத நேரத்தில் அலபாமா பந்தை எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டு 40-35 என்று நெருங்கியது. பந்து மட்டும் அவர்கள் கைக்குத் திரும்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். திரும்பவில்லை. பாவியா பதறவே இல்லை. ஓடுவது, விழுவது, எழுந்து நிதானமாக அடுத்ததற்கு அணிவகுப்பது என்று மணிக்கூட்டைத் தின்றே தீர்த்தார். அந்தக் கடைசி நிமிடங்களில் மைதானத்தில் யாரும் உட்காரவில்லை. பெரியவர் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் விட்டார்.

பிறகு மாணவர்கள் மஞ்சள் நிறக் கோல் கம்பத்தைப் பெயர்த்துத் தோளில் ஏற்றினார்கள். வெஸ்ட் எண்ட் சாலையிலிருந்து பிராட்வே வழியாகக் கம்பர்லாந்து ஆறு வரை அதைச் சுமந்து போனார்கள். திருவிழாவில் சப்பரம் தூக்குவதைப் போல ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். மதுக்கூடங்களிலிருந்து வெளியே வந்த சுற்றுலாப் பயணிகள் அதைத் தொட முண்டியடித்தார்கள். கடைசியில் ஆற்றில் போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதற்காகக் கூட்டமைப்பு விதித்த அபராதம் ஒரு லட்சம் டாலர். விதி விதிதான், ஆனால் அந்த இரவுக்கு இது மலிவு என்பேன்.

அதன்பின் கென்டக்கியையும் பால் ஸ்டேட்டையும் வென்றார்கள். டெக்சஸிடம் மூன்றே புள்ளியில் தோல்வி. நவம்பரில் ஆபர்ன் மைதானத்திலேயே ஆபர்னை 17-7 என்று வென்றது ஆறாவது வெற்றி. சீசன் முடிவில் தகுதி பெற்ற அணிகள் ஆடும் பவுல் ஆட்டத்துக்கு அது போதும். கடைசி மூன்று லீக் ஆட்டங்களும் போயின. டென்னசியிடம் 14-0 என்று முன்னிலை பெற்றும் தோற்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டிசம்பர் 27 அன்று பர்மிங்காம் பவுலில் ஜார்ஜியா டெக்கை 35-27 என்று வீழ்த்தினார்கள். மொத்தம் ஏழு வெற்றி, ஆறு தோல்வி. 2013க்குப் பிறகு தோல்வியைவிட வெற்றி அதிகமான முதல் ஆண்டு இது. அலபாமா வெற்றிக்கு இணையாக இதையும் வைக்கிறேன்.

பர்மிங்காம் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு இன்னொரு நல்ல செய்தி. கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளின் கணக்கில் ஜூனியர் காலேஜில் ஆடிய காலத்தைச் சேர்க்கக் கூடாது என்று பாவியா தொடுத்த வழக்கில், அவருக்கு எதிராக அந்த விதியைப் பயன்படுத்த நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. 2025லும் அவர் ஆட வழி கிடைத்தது. வேறு வழியில்லாமல் அங்கே ஆடியவனுக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவதுதான் நியாயம். நான் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டேன். பெரியவரும் அதே இருக்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.