என் மெஷினுக்கும் ஒரு கூலி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினொரு ஆண்டுகள் டெய்லராக வேலை பார்த்துவிட்டு, ஆறு மெஷின்களுடன், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டைச் சொந்தமாகத் தொடங்கியபோது, தையலில் எனக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என எந்தத் தையல் மெஷினில் உட்காரச் சொன்னாலும் தைப்பேன். பயமெல்லாம் ரேட் பேசும் இடத்தில்தான். தைப்பதற்காக வெட்டிய துணியை, அதாவது கட்டிங் பீஸை, எடுக்கப் போகும் கம்பெனிகளில், "ஊட்டுக்காரரு வரலீங்களா, அம்மிணி?" என்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே முதல் ஓராண்டு, தையலைப் பற்றி ஒன்றுமே அறியாத என் கணவரை உடன் அழைத்துக்கொண்டு போனேன். பைக்கில் போகும்போதே ரேட்டை அவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். அவர் அங்கே அதை ஒப்பிப்பார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இரண்டாம் ஆண்டில் வலது மணிக்கட்டு வீங்கி, இரண்டு வாரம் மெஷினில் உட்கார முடியாமல் போனது. என் இடத்தில் ஒருவரை ஷிப்ட்டுக்கு 600 ரூபாய் என்று அமர்த்தினேன். பன்னிரண்டு ஷிப்ட்டுக்கு 7,200 ரூபாய் ஆயிற்று. வழக்கமாக இரண்டு வாரத்தில் 6,500 ரூபாய் அளவுக்கு மிஞ்சும் கணக்கு, அந்த முறை 700 ரூபாய் துண்டு விழுந்தது. நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நூல், ஊசி, கரண்ட், வாடகை, ஐந்து பேரின் சனிக்கிழமைச் சம்பளம் என எல்லாம் அதில் இருந்தன. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் தைத்த என் கூலி மட்டும் எங்கும் இல்லை. லாபம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது, எனக்கு நானே தராமல் விட்ட சம்பளம்தான்.

கை சரியானதும் ஒரு குழந்தை டி-ஷர்ட்டை எடுத்து வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தைத்தேன். ஷோல்டர் ஜாயின்ட், கழுத்து ரிப், கை ஏற்றுவது, சைடு அடிப்பது, கைக்கும் கீழுக்கும் பேட்லாக் மடிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே குறித்து, என் கூலியையும் சேர்த்துக் கூட்டியபோது, 14 ரூபாய்க்குத் தைத்துக்கொண்டிருந்த பீஸுக்கு 16 ரூபாய் 50 காசு வந்தது. அந்தத் தாளுடன் முதன்முறையாகத் தனியாகப் போனேன். "மத்தவங்க 14-க்குத்தானுங்க தைக்கறாங்க" என்றார் மேனேஜர். வழக்கமாக அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிடும். அன்று பேச வேண்டியதெல்லாம் தாளில் இருந்ததால், எதில் எத்தனை நிமிடத்தைக் குறைக்கலாம் என்று அவரையே காட்டச் சொன்னேன். கடைசியில் 15 ரூபாய் 75 காசுக்கு ஒப்புக்கொண்டார். இன்னொரு கம்பெனி ஆர்டரையே நிறுத்திவிட்டது. மூன்று வாரம் இரண்டு மெஷின்கள் உறை போட்டபடி கிடந்தன. துணிச்சலுக்குப் பலன் உடனே கிடைத்துவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பாக்கியைக் கேட்பதுதான் இதைவிடக் கடினமாக இருந்தது. நமக்குச் சேர வேண்டிய பணத்தையே கடன் கேட்பது போலத் தயங்கித் தயங்கிக் கேட்பேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு என்பது எனக்கு ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைக் கட்டணமில்லாமல் செய்து, அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடித்தேன். அதற்காக யார் மீதும் வழக்குப் போடவில்லை. 45 நாள் ஆகிவிட்டது என்று போனில் சொல்லும்போது, கெஞ்சும் தொனி மட்டும் என்னை விட்டுப் போயிருந்தது.

இப்போது சம்பள நோட்டில் ஆறாவது வரியாக என் பெயர் இருக்கிறது. முதலில் பென்சிலில்தான் எழுதினேன். சனிக்கிழமை மாலை ஐந்து பேருக்கும் கொடுத்து முடித்த பிறகு, எனக்கான கவரிலும் எண்ணிப் போட்டுக் கையெழுத்திடுகிறேன். பணம் போதாத வாரங்களும் வருகின்றன. அப்போது அந்த வரிக்கு எதிரே, பேனாவில், "பாக்கி" என்று எழுதி வைக்கிறேன்.