பேனல் வாங்கும் முன் லூப்பைப் பற்றிக் கேளுங்கள்

இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்று கைமாறினால் அநேகமாக அது ஹோட்டலாகிவிடுகிறது. முதலில் பங்களா மட்டும், கொஞ்ச நாளில் பின்னால் ஒரு புது மாடி, அப்புறம் சரிவில் இறங்கி இறங்கி நாலைந்து கெபின். இப்படித்தான் வளரும் என்று முதலாளிக்கும் தெரியும். ஆனால் ஃபயர் அலாரம் பேனல், அதாவது புகையையும் சூட்டையும் உணர்கிற டிடெக்டர்கள் எல்லாம் வந்து சேர்கிற பெட்டி, வாங்கும்போது மட்டும் இன்றைக்கு எத்தனை டிடெக்டர் என்று எண்ணி, அதற்கு மட்டும் பொருந்துகிற விலை குறைந்த ஒன்றைக் கேட்கிறார்கள். இந்த வேலையிலேயே கிடக்கிற எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

பழைய வகை பேனலில் பல அறைகளைச் சேர்த்து ஒரு ஸோன் என்பார்கள், தீ என்றால் ஸோன் 3 என்று ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த ஸோனில் இருக்கிற அறை அத்தனையையும் திறந்து பார்க்க வேண்டும். அட்ரஸபிள் முறையில் ஒவ்வொரு டிடெக்டருக்கும், கண்ணாடி உடைக்கும் கோல் பொயின்டுக்கும் தனித்தனி இலக்கம் உண்டு. பேனலிலிருந்து புறப்படும் இரண்டு வயர் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு மறுபடி பேனலுக்கே வந்து சேரும், அதுதான் லூப். ஒரு இடத்தில் எலி கடித்து வயர் அறுந்தாலும் (பங்களா சீலிங்கில் எலிக்கு என்ன குறை) மறுமுனை வழியாகப் பேனல் எல்லோரையும் விசாரித்துவிடும். ஷார்ட் ஆனால், லூப்பில் இடையிடையே போடுகிற ஐசொலேட்டர்களில் இரண்டு பக்கத்து ஐசொலேட்டரும் அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஓடவிடும், ஆனால் ஐசொலேட்டர் போதிய அளவு போட்டிருந்தால்தான். செலவைக் குறைக்க முதலில் கைவைக்கிற இடமும் அதுதான்.

டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வளைவெல்லாம் ஏறி வந்து சேரும் வரை தீயோடு நிற்கப்போவது ராத்திரி வாச்சரும் ரூம் போயும்தான். அவர்களுக்கு எந்த அறை என்று உடனே தெரிய வேண்டும். பெரும்பாலான பேனல்களின் திரையில் தமிழோ சிங்களமோ வராது, அதனால் பக்கத்திலேயே இரண்டு மொழியிலும் இலக்கமும் இடமும் எழுதின வரைபடத்தை ஒட்டிவிடுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் தீப்பிடித்தால் ஒரு வரிசையே போய்விடுகிறது, அங்கே இப்படி ஒரு டிடெக்டர்கூட இல்லை என்பது வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, விரிவாக்கத்துக்கு வருவோம். ஒரு லூப்பில் எத்தனை இலக்கம் கொள்ளும் என்பது டிடெக்டரும் பேனலும் பேசிக்கொள்கிற மொழியை, அதாவது புரோட்டோகோலைப் பொறுத்தது. டிடெக்டர் செய்கிற கொம்பனிகளில் அப்பலோவின் XP95 வகையில் 126, ஹொச்சிக்கியின் ESP வகையில் 127, நொட்டிஃபையரின் பல பேனல்களில் 159 டிடெக்டரும் அதற்கு மேல் 159 மொட்யூலும் (மற்றச் சாதனங்களை லூப்பில் இணைக்கிற சின்னப் பெட்டி). இந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. லூப்பிலிருந்தே கரண்ட் எடுக்கிற சைரன்களை வரிசையாகப் போட்டால், இலக்கம் பாதிகூட நிரம்பாத போதே லூப்பின் கரண்ட் தீர்ந்துவிடும், ஏனென்றால் சும்மா இருக்கிற டிடெக்டர் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே, கத்துகிற சைரன் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே இன்னொரு லூப் கார்ட் போட உள்ளே இடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஒரே லூப்போடு மூடி வருகிற பேனல்களும் உண்டு, அவற்றில் நிரம்பினால் பேனலையே மாற்ற வேண்டும்.

லூப் கூடினால் பெட்டரியும் கூடவேண்டும், இதை யாரும் நினைப்பதே இல்லை. கரண்ட் போனபின் 24 மணி நேரம் சும்மா நின்று அதற்கப்புறம் அரை மணி நேரம் அலாரம் அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது வழக்கம். சும்மா நிற்கும்போது 0.3 ஆம்பியர், அலாரத்தில் 1.5 ஆம்பியர் என்றால் 7.2 உடன் 0.75, மொத்தம் 7.95. பெட்டரி பழசாவதற்கு கால்பங்கு சேர்த்தால் 10 ஆம்பியர் அவர் அளவு, 12 ஆம்பியர் அவர் பெட்டரி இரண்டு போதும். இரண்டாவது லூப் வந்து 0.5, 2.5 என்று ஏறினால் அதே கணக்கு 16.5க்கு மேல் போகிறது. 18 ஆம்பியர் அவர் பெட்டரி அந்தப் பெட்டிக்குள் இறங்குமா, சார்ஜர் தாங்குமா?

சரிவில் உள்ள கெபின்களுக்கு பங்களாவிலிருந்து செம்பு வயரை இழுத்து லூப்பை நீட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் விழுகிற இடிக்கு அந்த வயர் நல்ல பாதை. கீழே ஒரு சின்னப் பேனல் வைத்து, இரண்டையும் ஃபைபர் கேபிளால் நெட்வேர்க் செய்தால் மின்னல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்த வழியாகத் தாவாது. அதற்கு நெட்வேர்க் கார்ட் ஏற்கிற பேனலாக இருக்க வேண்டும், இதையும் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

தேயிலை பெக்டரிகளில் ஏற்கனவே பழைய வகை டிடெக்டர் இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, ஒரு ஸோன் மொனிட்டர் மொட்யூல் வழியாக அந்த வரிசையை லூப்பில் ஒரு இலக்கமாகச் சேர்க்கலாம், பழைய டிடெக்டர் அந்த மொட்யூலோடு ஒத்துப்போனால். ரிலே மொட்யூல் ஒன்று போட்டால் அலாரம் வந்ததும் ட்ரையர் ஃபேனை நிறுத்தலாம். ஆனால் எந்த டிடெக்டருக்கு எது நிற்க வேண்டும் என்பதை பெக்டரியை நடத்துகிற டீமேக்கரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள், கொழும்பிலிருந்து வருகிற இன்ஜினியர் மட்டும் முடிவெடுத்தால் ஒரு பொய் அலாரத்துக்கு ஒரு நாள் தேயிலைத் தூள் கெட்டுப்போகும்.

பொய் அலாரம் என்றதும் மூடுபனி ஞாபகம் வருகிறது. ஒப்டிகல் டிடெக்டர் உள்ளே சிதறுகிற வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது, சிதறவைத்தது புகையா பனித்துளியா என்று அதற்குத் தெரியாது. ஜன்னலைத் திறந்துவைக்கிற வராந்தாக்களில் புகையையும் சூட்டையும் சேர்த்துப் பார்க்கிற மல்டி சென்சர் போடலாம், தூள் பறக்கிற இடத்தில் ஹீட் டிடெக்டர். சில பேனல்களில் பகலுக்கும் ராத்திரிக்கும் வேறு வேறு உணர்திறன் வைக்கலாம், நுவரெலியாவில் அது காசு கொடுத்து வாங்கவேண்டிய வசதி.

கடைசியாக ஒரு கேள்வி, விலை பேசி முடிக்கும் முன் கேட்க வேண்டியது: புரோகிராம் ஃபைலும் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கும்? விற்ற கொம்பனியிடம் மட்டும் என்றால், நாளைக்கு ஒரு டிடெக்டர் கூட்டுவதற்கும் அவர்கள் சொல்கிற விலைதான். ஃபைலை ஒரு பென்டிரைவில் வாங்கி ஒஃபிஸ் அலுமாரியில் வைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.