எருக்குழியில் சுருண்டு கிடப்பதெல்லாம் காண்டாமிருக வண்டு இல்லை

எருக்குழியைக் கிளறும்போது வெள்ளையாகக் கொழுத்துச் சுருண்ட புழு ஒன்று கண்ணில் பட்டால் காண்டாமிருக வண்டின் புழு என்று உடனே நசுக்கிவிடுகிறோம். தென்னை வைத்திருப்பவர்களின் கோபம் நியாயமானதுதான். காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடும், அந்த மட்டை விரிந்த பிறகுதான் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல ஓலை முக்கோணம் முக்கோணமாகக் குறைந்திருப்பது தெரியும். ஆனால் குருத்தைத் தின்பது வளர்ந்த வண்டு மட்டும். புழு எருவிலும் மக்கிப்போன தென்னந்தண்டிலும்தான் வளர்கிறது.

சிக்கல் என்னவென்றால், அப்படிச் சுருண்டு கிடப்பது, காண்டாமிருக வண்டும் அடங்கிய ஸ்காரப் என்ற வண்டுக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான உருவம். உலகத்தில் அந்தக் குடும்பத்தில் 30,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வளர்ந்த வண்டு இந்தக் குடும்பமா என்று தெரிய உணர்கொம்பின் நுனியைப் பார்த்தால் போதும், விசிறி மாதிரி விரிந்து மூடும் தட்டுகள் இருக்கும். பொன்வண்டுக்கு அது கிடையாது, அது வேறு குடும்பம். காண்டாமிருக வண்டு போட்ட காயத்தில் முட்டை வைத்து மரத்தையே சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டும் வேறு குடும்பம்தான், இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவதில் பயனில்லை.

குடும்பத்துக்குள் வந்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பிழைப்பு. சாணி வண்டுகள் சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோகின்றன. ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணம் மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து தேங்கியபோது வெளிநாடுகளிலிருந்து இவற்றைக் கொண்டுபோய் விட்டார்கள். நிலக்கடலை, கரும்பு வேரைத் தின்னும் வேர்ப்புழு இன்னொரு கிளை, கோடை மழை பெய்ததும் அதன் வண்டுகள் கிளம்பி வேப்பமரத்தில் மொய்க்கும். அப்புறம் பூ வண்டுகள். இவற்றில் பலவற்றின் புழுக்கள் மக்கும் குப்பையைத் தின்று எருவாக்குகின்றன, பயிரைத் தொடுவதில்லை. நாம் அநியாயமாகக் கொல்வது இவற்றைத்தான். சமதளத்தில் எடுத்து விட்டுப் பாருங்கள்: பூ வண்டின் புழு கால்களை மேலே வைத்துக்கொண்டு முதுகாலேயே நகர்ந்து போகும். அதை விட்டுவிடலாம்.

வகைப்பாடு அருங்காட்சியகத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பசிபிக் கதை. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு காண்டாமிருக வண்டு சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கிருந்து தீவு தீவாகப் பரவித் தென்னையை அழித்தது. 1960களில் மலேசியாவில் இந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்து சமோவாவில் பரப்பினார்கள், வண்டுகள் நன்றாகவே குறைந்தன. பல ஆண்டுகள் அந்த வைரஸை நம்பியே தீவுகள் இருந்தன. 2007இல் குவாம் என்ற இன்னொரு பசிபிக் தீவில் வண்டு தென்பட்டது, அங்கே அந்த வைரஸ் எடுபடவில்லை. பார்வைக்கு அதே வண்டு, அதே கொம்பு, இனமும் அதேதான். மரபணுவைப் பார்த்தபோதுதான் அது அந்த இனத்துக்குள்ளேயே தனி ஒரு கிளை என்பது தெரிந்தது. பிறகு அதே கிளை ஹவாய், சாலமன் தீவுகள் வரை போய்விட்டது.