டார்ட் பையன் தேறுவானா, மாப்ள?

2025 ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணி வாக்குல போன் அடிக்குது, நியூஜெர்சி எடிசன்ல இருக்குற நம்ம மதுரைக்காரன். அமெரிக்கன் ஃபுட்பால்ல காலேஜ் பசங்களை என்.எஃப்.எல். (காசுக்கு ஆடுற மேல் லீக்) டீமுங்க வரிசையா எடுக்குற டிராஃப்ட் அன்னைக்கு, நியூயார்க் ஜயன்ட்ஸ் ஹூஸ்டன்கிட்ட பேசி 25வது பிக்கை (25வதா ஆள் எடுக்குற உரிமை) வாங்கி ஓல் மிஸ் காலேஜ் குவாட்டர்பேக் (பாலை எடுத்துப் போடறவன்) ஜாக்ஸன் டார்ட்டை எடுத்துட்டாங்கல்ல, அதுக்குத்தான். "மாப்ள, இவன் தேறுவானா மாட்டானா, ஒரே வார்த்தைல சொல்லு". ஒரே வார்த்தைல எங்க சொல்றது, நாப்பது நிமிஷம் பேசினேன், நடுவுல அவன் போய் தோசை ஊத்தி சாப்பிட்டு வந்துட்டான், நான் இன்னும் பேசிட்டுதான் இருந்தேன். சரி பேசினது வீணாப் போக வேண்டாம்னு இங்க எழுதிப் போடுறேன்.

முதல்ல என் லட்சணத்தைச் சொல்லிடுறேன். 2018 டிராஃப்ட்ல அஞ்சு குவாட்டர்பேக் முதல் ரவுண்டுல போனாங்க, மேஃபீல்ட், டார்னல்ட், ஜாஷ் ஆலன், ரோஸன், கடைசியா 32வது பிக்ல லமார் ஜாக்ஸன். நான் ரோஸன்தான் இதுல ஒரிஜினல் சரக்குன்னு அடிச்சு சொன்னேன், ஆலனைப் பாத்து "வயோமிங் மாதிரி ஒரு டீம்ல ஆடி நூத்துக்கு 56 பாஸ்தான் போய்ச் சேருது, இவனையெல்லாம் எவன் எடுப்பான்"னு சிரிச்சேன். ரோஸனை ஒரே வருஷத்துல அரிசோனா கை கழுவிடுச்சு, ஆலனும் லமாரும் எம்.வி.பி. (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரன் விருது) வாங்கியாச்சு. அதனால நான் சொல்றதைக் கொஞ்சம் சந்தேகத்தோடயே எடுத்துக்கோங்க.

2021ல இன்னும் மோசம். பி.ஒய்.யூ. காலேஜ் பையன் ஸாக் வில்சன், டிராஃப்டுக்கு முன்னாடி காலேஜ்லயே ஒரு நாள் டீமுக்கு ஆள் தேடுற ஸ்கவுட்டுங்களை எல்லாம் கூப்பிட்டு போட்டுக் காட்டுவாங்கல்ல, அதுல இடது பக்கமா ஓடிக்கிட்டே உடம்பைத் திருப்பாம மைதானத்துக்குக் குறுக்கால ஒரு பால் போட்டான் பாருங்க, நான் சோபால இருந்து எந்திரிச்சே நின்னுட்டேன், வீட்டம்மாவைக் கூப்பிட்டு திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "எதிர்ல யாருமே இல்லையே?" எனக்குக் கோவமே வந்துச்சு. நியூயார்க்கோட இன்னொரு டீம் ஜெட்ஸ் அவனை ரெண்டாவது பிக்ல எடுத்து மூணே வருஷத்துல அனுப்பி வெச்சதுக்கு அப்புறம்தான் அந்தக் கேள்வி எவ்வளவு சரின்னு உறைச்சது. அவ இன்னைக்கு வரைக்கும் ஒரு முழு மேட்ச் பாத்ததில்ல.

(ஊர்ல அப்பாகிட்ட ஒருதடவை குவாட்டர்பேக் பத்திப் பேசிட்டு இருந்தேன்னு சொன்னப்போ போன்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, "ஞாயித்துக்கிழமையானா அதுதானா வேலை"ன்னுட்டார். தெரியாதவங்களுக்கு, மேட்சுக்குள்ள வர்ற ஒவ்வொரு ஆட்டத்துலயும் பாலை முதல்ல கையில வாங்கி யாருக்குக் கொடுக்குறதுன்னு ரெண்டரை செகண்டுல முடிவு பண்றவன்தான் குவாட்டர்பேக். அவன் சரியில்லைன்னா மத்த எல்லாரும் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.)

இப்ப விஷயத்துக்கு வரேன். காலேஜ்ல நூறு தடவை டச்டவுன் (எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டிப் பாலைக் கொண்டு போறது) போட்டவன் என்.எஃப்.எல். போய் ஏன் முழிக்கிறான்? ஏன்னா அது வேற ஆட்டம், பேரு மட்டும் ஒண்ணு. மைதானத்துல நடுவுல ரெண்டு வரிசை சின்னச் சின்னக் கோடு இருக்கும் பாருங்க, ஹாஷ் மார்க், பால் ஓரமா போய் நின்னா அடுத்த ஆட்டத்தை அந்தக் கோட்டுல இருந்து ஆரம்பிப்பாங்க. காலேஜ்ல அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 40 அடி, என்.எஃப்.எல்.ல வெறும் பதினெட்டரை அடி. மைதானம் மொத்தம் 160 அடி அகலம், அப்ப காலேஜ்ல பால் ஒரு கோட்டுல இருந்தா ஒரு பக்கம் 60 அடி, இன்னொரு பக்கம் 100 அடி காலி இடம், அந்தப் பக்கம் காவலுக்கு நிக்கிற பையன் பாவம் ஒரு தெரு அகலத்தை ஒத்தையா பாக்கணும். மேல, என்.எஃப்.எல்.ல, போனா அந்தத் தெரு சந்து ஆயிடும். அதோட காலேஜ்ல லைன்ல நிக்கிற பெரிய ஆளுங்க பால் போறதுக்கு முன்னாடி மூணு கெஜம் வரைக்கும் முன்னேறலாம், மேல ஒரே கெஜம்தான், அதனால ஓட்டமா பாஸான்னு எதிராளியை ஏமாத்துற அந்த ஆர்.பி.ஓ. ஆட்டம் காலேஜ்ல ரொம்ப சுலபம். பாதி டீம்ல பையன் வட்டமா கூடிப் பேசுறதே கிடையாது, ஓரத்துல ஒருத்தன் பெரிய அட்டையில படத்தைத் தூக்கிக் காட்டுவான், எல்லாரும் அதைப் பாத்துட்டு ஆடுவாங்க, எதிர் டீம் எப்படி நிக்குதுன்னு கோச்சே பாத்து ஆட்டத்தை மாத்திச் சொல்லிடுவார். பையன் பண்ண வேண்டியது அந்த முதல் ஆளு ஃப்ரீயா நிக்கிறானான்னு பாத்துத் தூக்கிப் போடறது. நிப்பான். காலேஜ்ல பெரும்பாலும் நிப்பான். அதுதான் பிரச்சனையே.

2024 நவம்பர்ல டார்ட் அர்கன்ஸா கூட ஆடின மேட்சை எடுத்துக்கோங்க, 515 கெஜம், ஆறு டச்டவுன், அதுல அஞ்சு ஒரே ஆளுக்கு, ஜோர்டன் வாட்கின்ஸ்க்கு. ஸ்கோர் 63-31. பேப்பர்ல பாத்தா இவன்தாண்டா அடுத்த மானிங்னு தோணும். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி லேப்டாப்ல அதை மறுபடி போட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் பாத்தேன். பால் கையை விட்டுப் போற அந்த நிமிஷத்துல நிறுத்தினா, பல தடவை வாட்கின்ஸ் பக்கத்துல காக்கா குருவி இல்ல. அழகான பால்தான், ஒத்துக்கறேன், தூரமா போடற பாலை அவன் ரொம்ப நல்லாப் போடறான், ஆனா அதை வெச்சு நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது. மூணு வாரம் கழிச்சு ஃபுளோரிடா கூட ஆடினது அதைவிட எனக்கு உபயோகமா இருந்துச்சு, அதுல ஓல் மிஸ் 24-17ல தோத்துச்சு, கடைசி நேரத்துல ரெண்டு இன்டர்செப்ஷன் குடுத்தான், அதாவது எதிராளி கையிலேயே பாலைப் போட்டான்.

நான் தேடுறது ஒண்ணே ஒண்ணு. மூணாவது டவுன் (பத்து கெஜம் போக நாலு வாய்ப்பு, அதுல மூணாவது), எட்டு கெஜமோ பத்து கெஜமோ வேணும், பாஸ்தான் வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், முதல்ல போடணும்னு நெனச்ச ஆளை எதிராளி மூடிட்டான், முன்னாடி நிக்கிற லைன் உள்ள சரிஞ்சு காலடிக்கு வருது. அந்த இடத்துல ஸ்பேஸ் பார். இப்ப அவன் தலை எங்க இருக்கு? ஹெல்மெட் இன்னும் மேல தூரமா பாத்துக்கிட்டு இருக்கா, இல்ல தன்னைப் பிடிக்க வர்றவனைப் பாத்துக் குனிஞ்சிடுச்சா? கால் ரெண்டும் சின்னச் சின்ன அடியா நகர்ந்து அடுத்த ஆள் பக்கம் திரும்புதா, இல்ல பொசுக்குன்னு பின்வாங்கி ஓடுதா? இப்படிப்பட்ட ஆட்டம் ஒரு நல்ல காலேஜ் டீமோட ஒரு மேட்சுல அஞ்சோ ஆறோ வந்தா பெருசு, முழு சீசன்லயும் எண்ணி அறுபது தேறாது. மேல போனா இது தினப்படி சோறு. அறுபது ஆட்டத்தை வெச்சு ஒருத்தனோட பத்து வருஷத்தை முடிவு பண்ணணும், அதான் சம்பளம் வாங்குற ஸ்கவுட்டே பாதி நேரம் தப்பு பண்றான்.

பழைய கதை எல்லாருக்கும் தெரியும். 1998ல பெய்டன் மானிங்கா ரயன் லீஃபான்னு சண்டையே நடந்துச்சு, லீஃபுக்குக் கை இன்னும் பலம்னு சொன்னவங்க நிறைய, அவனுக்காக சான் டியேகோ மூணாவது இடத்துல இருந்து ரெண்டாவது இடத்துக்கு விலை குடுத்துப் போச்சு. மூணாவது வாரமே கான்சாஸ் சிட்டில 15 பால் போட்டு ஒண்ணுதான் போய்ச் சேந்துச்சு, மொத்தம் 4 கெஜம். மொத்த கரியர்லயே 14 டச்டவுன், 36 இன்டர்செப்ஷன். ஆனா இதுல சொல்லாம விடற பாதி என்னன்னா அதே வருஷம் மானிங் 28 இன்டர்செப்ஷன் குடுத்தான், டீம் 16 மேட்ச்ல 13 தோத்துச்சு. முதல் வருஷத்தை மட்டும் பாத்தவன் ரெண்டு பேருமே வேஸ்ட்னுதான் சொல்லியிருப்பான். தப்பு பண்ணினதுக்கு அப்புறம் அடுத்த திங்கக்கிழமை ஒருத்தன் என்ன பண்றாங்குறது வீடியோல வராது.

அளக்குறது எல்லாம் எனக்குப் பெருசா நம்பிக்கை இல்ல. இண்டியானாபொலிஸ்ல வருஷா வருஷம் எல்லாரையும் நிறுத்தி உயரம், கை விரிச்ச அளவு, 40 கெஜ ஓட்டம்னு எடுப்பாங்க. டாம் பிரேடி 40 கெஜத்தை 5.28 செகண்டுல ஓடினான், நம்ம ஆபீஸ் மானேஜர் ஓடுற மாதிரி. 2000ல ஆறு குவாட்டர்பேக் போனதுக்கு அப்புறம் 199வது பிக்ல எடுத்தாங்க, ஏழு சூப்பர் பௌல் (லீக் சாம்பியன்ஷிப்) ஜெயிச்சான். 12 நிமிஷத்துல 50 கேள்வின்னு ஒரு பரீட்சை ரொம்ப வருஷமா ஓடிச்சு, வொண்டர்லிக், அதையும் 2022ல தூக்கிட்டாங்க. பல டீமுங்க பாக்குற இன்னொரு கம்ப்யூட்டர் டெஸ்ட்ல சி.ஜே. ஸ்ட்ரௌட் ரொம்பக் கம்மி மார்க்னு 2023ல செய்தி கசிஞ்சு ஊரே பேசிச்சு, அந்த வருஷமே பையன் ஹூஸ்டனை பிளேஆஃபுக்குக் கூட்டிட்டுப் போய் சிறந்த ரூக்கி (முதல் வருஷ ஆட்டக்காரன்) அவார்டும் வாங்கினான்.

நான் கொஞ்சம் மதிக்கிறது எத்தனை மேட்ச் ஆடியிருக்கான்குறதைத்தான். பில் பார்செல்ஸ்னு பழைய கோச், மூணு வருஷம் ஆடியிருக்கணும், டிகிரி முடிச்சிருக்கணும்னு ஒரு கணக்கு வெச்சிருந்தார். ட்ருபிஸ்கி காலேஜ்ல 13 மேட்ச்தான் ஸ்டார்ட் பண்ணினான், சிகாகோ அவனை 2017ல ரெண்டாவதா எடுத்தப்போ, பின்னாடி பெரிய ஸ்டார் ஆன மஹோம்ஸை இன்னும் யாருமே எடுக்கலை. ட்ரே லான்ஸ் 17 மேட்ச், அதுவும் வடக்கு டகோட்டால, கொரோனா வருஷத்துல ஒரே ஒரு மேட்ச், அவனுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ மூணு முதல் ரவுண்டு பிக்கைத் தூக்கிக் குடுத்துச்சு. அதே டீம் அடுத்த வருஷம் 262வது, அதாவது டிராஃப்ட்லயே கடைசிப் பிக்ல சும்மா எடுத்துப் போட்ட பையன்தான் பிராக் பர்டி, அயோவா ஸ்டேட்ல நாலு வருஷம் அடி வாங்கி ஆடினவன், அவன்தான் சூப்பர் பௌல் வரைக்கும் போனான். ஆனா இதையும் ரூலா போட முடியாது, கேம் நியூட்டன் ஆபர்ன்ல ஒரே வருஷம் ஆடிட்டு வந்து எம்.வி.பி. வாங்கியிருக்கான்.

டார்ட் போன அதே டிராஃப்ட்ல கொலராடோ குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 144வது பிக் வரைக்கும் விழுந்ததுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க, அப்பா (அவனோட காலேஜ் கோச்சும் அவர்தான்) காரணம், வாய் காரணம்னு. இருக்கலாம், எனக்கு அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாது, நான் பாத்தது வேற. கொலராடோல 2023ல மட்டும் அவனை 50 தடவைக்கு மேல சாக் (பாலைப் போடறதுக்குள்ள பிடிச்சுச் சாய்க்கிறது) பண்ணினாங்க. லைன் மோசம்தான், ஒத்துக்கறேன், ஆனா பாதி நேரம் அவனே பின்னாடி பின்னாடி போய் பத்து பதினஞ்சு கெஜம் நஷ்டத்துல மாட்டிக்கிறான். இந்தப் பழக்கம் டீம் மாறினாலும் ஆளோட கூடவே வரும்னு என் அனுபவம். அதுக்காக அஞ்சாவது ரவுண்டா, அது எனக்கே கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு.

இதெல்லாம் பையனைப் பத்தி. மீதிப் பாதி அவன் போற வீட்டைப் பத்தி, மாப்பிள்ளை பாக்குற மாதிரிதான் இதுவும். டேவிட் கார் 2002ல முதல் பிக், அப்பதான் புதுசா ஆரம்பிச்ச ஹூஸ்டன் டீம், ஒரே சீசன்ல 76 சாக், எந்த மனுஷன் தாங்குவான். நம்ம பக்கத்து மைதானத்துலயே ஜெட்ஸுக்கு ஆடின சாம் டார்னல்ட் இருக்கானே, 2019ல ஒரு திங்கக்கிழமை ராத்திரி நியூ இங்கிலாந்து ஜெட்ஸை 33-0ன்னு துவைச்சப்போ பெஞ்சுல உக்காந்து "எனக்குப் பேய் தெரியுது"ன்னு சொன்னது மைக்ல மாட்டி ஊரே சிரிச்சுச்சு. அவன் முடிஞ்சான்னு நானும்தான் சொன்னேன். மூணு ஊர் சுத்தி 2024ல மினசோட்டா போறான், அங்க முதல் ரவுண்டுல எடுத்த பையனுக்கு முட்டி போச்சு, வேற ஆள் இல்லாம இவன் ஆடறான், நல்ல கோச், பாலைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன் மாதிரி ஒரு ஆளு, 35 டச்டவுன், 14 வெற்றி. 2025 மார்ச்ல சியாட்டில் மூணு வருஷத்துக்குப் பத்து கோடி டாலர் சொச்சம் குடுத்து வாங்குச்சு. அதே கை, அதே தலைதான்.

அப்ப டார்ட்? அவன் போன வீட்டுல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அப்ப ஜயன்ட்ஸ் கோச்சா இருந்த டேபல் (2025 நவம்பர்ல அவரை அனுப்பிட்டாங்க). நான் சிரிச்ச அதே ஜாஷ் ஆலன் பஃபலோல முதல் வருஷம் 52.8 சதவீதம், ரெண்டாவது வருஷம் 58.8, மூணாவது வருஷம் 69.2ன்னு ஏறினப்போ பக்கத்துல அஃபென்ஸ் (பாலை வெச்சு ஆடுற பக்கம்) பாத்துக்கிட்டவர் அவர்தான். குறி தப்புறவன் தப்பிக்கிட்டேதான் இருப்பான்னு எல்லாரும் நம்பின காலம் அது. பாலைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸ் வந்ததும் ஒரு காரணம், முழுசா கோச்சுக்கே மாலை போட முடியாது. ஓல் மிஸ்ல டார்ட்டோட கோச் லேன் கிஃபின் ஆட வெச்சது முழுக்க ஆர்.பி.ஓ., முதல் ஆளு, மிஞ்சினா ரெண்டாவது ஆளு, அவ்வளவுதான், மூணாவது ஆளுக்குத் தலை திரும்புறதை நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடி ஒரு கை விரல்ல எண்ணிட்டேன். அப்புறம் ஓடும்போது சறுக்கி உக்காராம தோளைக் குடுத்து மோதுறான், 21 வயசுல நல்லாத்தான் இருக்கும். ஆனா அடிக்குப் பயப்படறவன் இல்ல, லைன் சரியும்போது அந்த ஹெல்மெட் மேலதான் இருக்கு, அது எனக்குப் போதும், ஒரு வருஷம் சீனியர் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பின்னாடி உக்கார வெச்சா.

"நியூயார்க்ல உக்கார விடுவாங்களாடா? நாலு மேட்ச் தோத்தா மைதானமே டார்ட் டார்ட்னு கத்தும்"ன்னான் மதுரைக்காரன். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆகஸ்ட்ல ப்ரீசீசன் வரும், வீட்டுக்கு வா, சேந்து பாப்போம், ஆனா நடுவுல நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் பாப்பேன்னு சொன்னேன்.

"அப்ப நான் வரலை"ன்னுட்டு வெச்சுட்டான்.